ஒயர் போட்ட ஜாஸ், ஒயர் போடாத ஜாஸ்: கிருஷ்ணகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி ஐந்து ரோடு ரவுண்டானாவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் எனக்கு ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடை. கடைக்கு மேலே ஒரு அறை. மாதத்தில் இரண்டு ஞாயிறு மாலை ஏழெட்டுப் பேர் அங்கே கூடி ஜாஸ், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த மனோதர்ம இசை, கேட்கிறோம். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், ஓசூரில் தொழிற்சாலை வேலையும் ஓய்வு நேரத்தில் பேஸ் கிட்டாருமாக இருக்கும் ஒரு தம்பி, காவேரிப்பட்டணத்து மாந்தோப்புக்காரர், தருமபுரியிலிருந்து ஸ்கூட்டரில் வரும் நர்ஸ் அக்கா, வந்து போகும் கல்லூரிப் பிள்ளைகள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பழையவர்கள் அதையே சாக்காக வைத்து மறுபடி சண்டையை ஆரம்பிக்கிறார்கள். டீ ஆறிப்போகிறது. அதனால்தான் எழுதி வைத்துவிட்டேன்.

இந்த ஊரில் ஜாஸா?

ஏன், கூடாதா? இங்கிருந்து பெங்களூர் 90 கிலோமீட்டர். வாத்தியாருக்கு 1980களில் அங்கே பிளாட்பாரத்தில் வாங்கிய கேசட்டில் தொடங்கியது. தம்பிக்கு யூட்யூப். எனக்கு, யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராத ஒரு டேப் ரெக்கார்டருக்குள்ளேயே மாட்டிக்கிடந்த கேசட். இன்றைக்கும் அது என் மேஜை டிராயரில் இருக்கிறது. உரியவர் வந்தால் கொடுத்துவிடுவேன்.

அப்படி என்னதான் சண்டை?

மரமும் பித்தளையும் தோலும் தாமாக எழுப்புகிற ஒலியில்தான், அதாவது அக்கூஸ்டிக்கில்தான், ஜாஸ் இருக்கிறது என்கிறது ஒரு கட்சி. பியானோ, டிரம்ஸ், ட்ரம்பெட், சாக்ஸபோன், அப்புறம் டபுள் பேஸ். டபுள் பேஸ் ஆளை விட உயரமாக நிற்கும் வயலின் ஜாதி வாத்தியம். ஜாஸில் பெரும்பாலும் வில்லை ஓரம் வைத்துவிட்டு விரலால் சுண்டுவார்கள். எலெக்ட்ரிக் கிட்டார், எலெக்ட்ரிக் பியானோ, பேஸ் கிட்டார், சிந்தசைசர் என்று வந்து, ராக், ஃபங்க் தாளங்களோடு கலந்த ஃப்யூஷன்தான் ஜாஸை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோனது என்கிறது இன்னொரு கட்சி. எங்கள் அறையில் முதல் கட்சிக்கு வாத்தியார் தலைவர், இரண்டாவதற்குத் தம்பி.

கசப்புக்குக் காரணம் வேறு. இரண்டு கட்சிக்கும் வேதத்தை எழுதியவர் ஒரே ஆள், ட்ரம்பெட் மைல்ஸ் டேவிஸ். 1959-இல் ஒயர் போடாத இசைத்தட்டு 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. பத்து வருஷம் கழித்து, 1969 ஆகஸ்டில் மூன்றே நாளில் பதிவு செய்து அடுத்த ஆண்டு வெளிவந்தது ஒயர் போட்ட 'பிட்சஸ் ப்ரூ'. வேற்றூர்க்காரனோடு வழக்கு என்றால் என்றோ முடிந்திருக்கும். இது பங்காளிச் சண்டை.

அதற்கு முன்னால் ஜாஸில் கரண்ட்டே கிடையாதா?

உண்டு. சார்லி கிறிஸ்டியன் 1939-லேயே பென்னி குட்மன் குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்தார். அதுவரை பின்னால் உட்கார்ந்து தாளத்துக்கு ஒத்து ஊதிக்கொண்டிருந்த கிட்டார், ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) கிடைத்ததும் சாக்ஸபோனுக்குச் சமமாக முன்வரிசைக்கு வந்தது. 25 வயதில் போய்விட்டார் மனுஷன். 1950களில் ஜிம்மி ஸ்மித் ஹேமண்ட் என்ற கரண்ட் ஆர்கனை வைத்துக்கொண்டு பெரிய ராஜாங்கமே நடத்தினார். அவர்களை யாரும் துரோகி என்று சொன்னதில்லை.

அப்படியானால் 1969-இல் மாறியது கரண்ட் அல்ல. தாளம் மாறியது: டிங்-டிக-டிங் என்று ஊஞ்சலாடும் ஸ்விங் போய், நேராக இறங்கி அடிக்கும் நடை வந்தது. சத்தத்தின் அளவு மாறியது. இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை: டேப் வந்து உட்கார்ந்தது. 'பிட்சஸ் ப்ரூ'வில் கலைஞர்கள் மணிக்கணக்கில் வாசித்ததைத் தயாரிப்பாளர் டியோ மசேரோ வெட்டி ஒட்டித்தான் உருப்படியாக்கினார். நீங்கள் கேட்கும் அந்த வரிசையில் அதை யாரும் ஒரே மூச்சில் வாசித்ததில்லை. வாத்தியாருக்கு உண்மையான கோபம் இதில்தான். "கச்சேரின்னா நடக்கணும்யா, தைக்கக் கூடாது" என்பார்.

அதே இசைத்தட்டில் டேவ் ஹாலந்தின் டபுள் பேஸும் இருக்கிறது, ஹார்வி ப்ரூக்ஸின் எலெக்ட்ரிக் பேஸும் இருக்கிறது. இரண்டும் ஒரே அறையில். அவர்களுக்குள் சண்டை வந்த மாதிரித் தெரியவில்லை.

மைல்ஸ் காசுக்காகத்தானே மாறினார்?

காசும் ஒரு காரணம்தான், மறுப்பதற்கில்லை. ராக் குழுக்களுக்கு மைதானம் நிறைந்தது, ஜாஸ் கிளப்பில் நாற்காலி காலியாகக் கிடந்தது. 1968-இல் அவர் மணந்த பெட்டி மேப்ரி, ராக் கிட்டார் ஜிமி ஹெண்ட்ரிக்ஸையும் ஃபங்க் பாடகர் ஸ்லை ஸ்டோனையும் அவர் காதில் போட்டுவிட்டார். 'பிட்சஸ் ப்ரூ' அமெரிக்காவில் 5 லட்சம் பிரதியைத் தாண்டி கோல்டு வாங்கியது, பின்னால் 10 லட்சத்தைத் தாண்டி பிளாட்டினமும் வாங்கியது. ஆனால் அவர் விட்டுவிட்டு வந்த 'கைண்ட் ஆஃப் ப்ளூ' அங்கே 50 லட்சத்தைத் தாண்டிவிட்டது. நீண்ட நாள் கணக்குப் பார்த்தால் காசு அக்கூஸ்டிக்கில்தான் இருந்திருக்கிறது. காசு மட்டுமே குறியென்றால், பழைய தட்டையே பத்துத் தடவை திரும்பப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கலாம்.

அந்த அக்கூஸ்டிக் பிடிவாதத்தில் அப்படி என்ன இருக்கிறது?

இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, ஒரு இடத்தைக் காட்டுகிறேன். 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் முதல் உருப்படி, 'ஸோ வாட்'. பியானோவும் பேஸும் தாளமில்லாமல், ஆலாபனை மாதிரி, தேடிக்கொண்டே வருகின்றன. பிறகு பால் சேம்பர்ஸ் பேஸில் ஒரு கேள்வி கேட்கிறார். மற்றவர்கள் இரண்டே சொல்லில் பதில் சொல்கிறார்கள். கேள்வி, பதில், கேள்வி, பதில். ஒன்றரை நிமிஷம் போல ஆனதும் மைல்ஸின் தனி தொடங்கும். தொடங்குகிற அந்த நொடியில் ஜிம்மி காப் சிம்பலில் ஒரு தட்டுத் தட்டுகிறார். அவ்வளவுதான். அந்தத் தட்டு கொஞ்சம் கூடிப்போனதோ என்று அவருக்கே தோன்றியிருக்குமோ என்று நினைக்கத் தோன்றும். அப்படி நிற்கிறது அது. வெண்கலம் மெல்ல அடங்க அடங்க, அதற்குள்ளிருந்து ட்ரம்பெட் வெளியே வருகிறது. கோயில் மணியை அடித்துவிட்டுக் கையை எடுத்த பிறகு அது எவ்வளவு நேரம் கேட்கிறது என்று சின்ன வயதில் காது வைத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

சத்தம் அடங்குகிற நேரத்தையும் வாசிப்பாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிற இசை அது. ஆம்பை ஏற்றிவிட்டால் முதலில் செத்துப்போவது அந்த அடங்கும் நேரம்தான். வாத்தியார் சொல்வதில் இது நூற்றுக்கு நூறு நியாயம்.

இந்தப் பக்கத்தின் பெரிய வக்கீல் வின்டன் மார்சலிஸ். அவரும் ட்ரம்பெட், நியூயார்க் லிங்கன் சென்டரில் ஜாஸுக்கென்று தனி நிறுவனத்தை நடத்துகிறவர், 1997-இல் ஜாஸுக்கென்று முதல் புலிட்சர் பரிசு வாங்கியவர். 1986-இல் கனடாவின் வான்கூவரில் மைல்ஸ் வாசித்துக்கொண்டிருக்கும்போது இவர் அழைக்காமலே மேடை ஏறினார். மைல்ஸ் வாசிப்பை நிறுத்தி இறங்கச் சொல்லிவிட்டார். தம்பி இந்தக் கதையை மாதம் ஒரு தடவை சொல்லாமல் விடமாட்டான்.

அப்படியானால் அக்கூஸ்டிக் பதிவுதான் சுத்தம், இல்லையா?

இங்கேதான் வாத்தியாரை நான் மடக்குவேன். 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் முதல் பக்கத்தில் உள்ள மூன்று உருப்படிகளையும் 1959 மார்ச் 2-ஆம் தேதி பதிவு செய்தார்கள். அன்றைக்கு டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய மெஷினில் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் என்ன ஆகும்? ஸ்ருதி ஏறும். ஏறின ஸ்ருதியிலேயே 30 வருஷத்துக்கு மேல் உலகம் கேட்டது. கூடவே வாசித்துப் பழகியவர்கள் தங்கள் வாத்தியத்தில்தான் கோளாறு என்று நினைத்திருப்பார்கள். 1992-இல்தான் சரிசெய்து வெளியிட்டார்கள். சுத்தம் சுத்தம் என்று நாம் கொண்டாடியது ஒரு மோட்டாரின் தயவில் இருந்திருக்கிறது. மோட்டார் கட்டுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் சந்தோஷம் உண்டு.

வாத்தியாரின் பழைய கேசட் வேறு ஸ்ருதியில் இருக்கிறது என்று அவர் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள்தான் பெல்ட் தேய்ந்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தோம்.

எலெக்ட்ரிக் வாத்தியம் என்றால் மெஷின் போடுகிற சத்தம்தானே? கைக்கு என்ன வேலை?

என் தொழிலை வைத்தே சொல்கிறேன். எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்திக்கு அடியில் இருக்கும் பிக்கப் என்பது காந்தம், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று இனாமல் செப்புக் கம்பி. பம்புசெட் மோட்டாருக்கு நான் சுற்றுவதும் அதுதான். என் கம்பி ஈர்க்குச்சி மாதிரி இருக்கும், பிக்கப்பில் போடுவது 42 கேஜ், தலைமுடிச் சன்னம். காந்தத்துக்கு மேலே இரும்புத் தந்தி அதிர்ந்தால் சுருளில் கரண்ட் பிறக்கும். சைக்கிள் டைனமோவில் விளக்கு எரிகிற அதே கதை. விரல் எப்படிச் சுண்டியதோ அப்படியே அந்தக் கரண்ட்டும் ஆடும். கை பொய் சொன்னால் ஆம்பும் பொய் சொல்லும், இன்னும் சத்தமாக.

ஃபெண்டர் ரோட்ஸ் என்ற எலெக்ட்ரிக் பியானோ இன்னும் அழகு. ஒவ்வொரு கட்டைக்கும் உள்ளே ஒரு சன்னமான உலோகக் குச்சி. சின்னச் சுத்தியல் அதைத் தட்டுகிறது. எதிரே இருக்கும் காயில் அதிர்வைப் பிடிக்கிறது. மோர்சிங் நாக்கை நினைத்துக்கொள்ளுங்கள். மோர்சிங்குக்கு வாய் எப்படியோ, ரோட்ஸுக்கு ஆம்ப் அப்படி. மெதுவாகத் தொட்டால் மணியாக ஒலிக்கும், அழுத்தித் தட்டினால் உறுமும். மைல்ஸிடம் பியானோ வாசித்த ஹெர்பி ஹேன்காக் முதலில் இந்த ஜாதிப் பெட்டியைப் பொம்மை என்றுதான் நினைத்தாராம். தொட்டுப் பார்த்த பிறகு விடவில்லை. அக்கூஸ்டிக் கட்சியினர் தலையில் வைத்துக் கொண்டாடும் பியானோ கலைஞர் பில் எவன்ஸ்கூட ரோட்ஸ் வாசித்துப் பதிவு செய்திருக்கிறார். வாத்தியாரிடம் அதைச் சொன்னால் பேச்சு மாமரத்துக்குத் தத்துப்பூச்சி வந்த விஷயத்துக்குப் போய்விடும்.

சிந்தசைசர் வேறு. அதில் அதிர்வதற்குத் தந்தியும் இல்லை, குச்சியும் இல்லை. சர்க்யூட்டே ஒலியை உண்டாக்குகிறது. அந்த இடத்தில் வாத்தியார் பிடித்தால் நான் கொஞ்சம் தடுமாறுவேன்.

சும்மா ஒரு உபரித் தகவல். நம் ஊர் கரண்ட் நொடிக்கு 50 தடவை ஆடுகிறது. அது ஏறக்குறைய ஜி, நம் கணக்கில் 5 கட்டைக்கு ஒரு நூல் மேலே. எர்த் சரியில்லாத ஆம்ப் 'ம்ம்ம்' என்று முனகுவது அந்த ஸ்ருதியில்தான். என் கடையில் எல்லா மோட்டாரும் ஏறக்குறைய 5 கட்டையில் பாடுகின்றன. அமெரிக்காவில் 60, அங்கே முனகலின் ஸ்ருதியே வேறு.

ஃப்யூஷன் என்றாலே சர்க்கஸ் வேகம்தான் என்கிறார்களே?

பாதிக்கு மேல் அப்படித்தான், ஒப்புக்கொள்கிறேன். 1970களின் பின்பாதியில் வந்த பல தட்டுகள், தனி ஆவர்த்தனத்தில் கோர்வைக்கு மேல் கோர்வை வைத்துவிட்டுச் சபையைப் பார்த்துச் சிரிக்கும் சின்னப்பையன் மாதிரி இருக்கும். கைதட்டலாம். வீட்டுக்குப் போகும்போது எதுவும் கூட வராது.

ஆனால் வெதர் ரிப்போர்ட் குழுவின் 'ஹெவி வெதர்' (1977) கேளுங்கள். அதில் பேஸ் வாசிக்கும் ஜாக்கோ பஸ்டோரியஸ் தன் கிட்டாரில், வீணையில் இருப்பது மாதிரி இருந்த மெட்டுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பள்ளங்களை அடைத்து, படகுக்குப் பூசும் எபாக்ஸியைப் பூசிக்கொண்டார். மெட்டில்லாத பேஸ், நமக்குக் கோட்டுவாத்தியம் எப்படியோ அப்படி, ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகலாம். எலெக்ட்ரிக் வாத்தியத்தைக் குரல் மாதிரிப் பேசவைக்கத்தான் அவ்வளவு பாடும். அதைக் கேட்டுவிட்டு ஃப்யூஷன் என்றால் வேகம் என்று சொன்னால், தம்பி அன்றைக்குச் சாப்பிட மாட்டான்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு குறை சொல்ல வேண்டும். அக்கூஸ்டிக் என்ற பெயரில் 1950களின் கோட்டையும் டையையும் மாட்டிக்கொண்டு, அப்போதைய வாக்கியங்களையே மனப்பாடமாக ஒப்பிக்கும் பதிவுகள் ஏராளம். ஒயர் இல்லை, உயிரும் இல்லை.

'சக்தி' குழு எந்தக் கட்சி?

இந்தக் கேள்வி வந்தால்தான் அறையில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கிட்டார் ஜான் மெக்லாக்ளின் இங்கிலாந்துக்காரர். 1969-இல் அமெரிக்கா போன கையோடு மைல்ஸின் பதிவில் உட்கார்ந்தார். 1971-இல் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா ஆரம்பித்தார். இரட்டைக் கழுத்துக் கிட்டார், மலை மாதிரி ஆம்ப்கள். அவர்களுடைய 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' (1973) 18 எண்ணிக்கைச் சுழற்சியில் ஓடுகிறது. நம் ஊர் ஆள் யாரும் விரல் விட்டு எண்ணிவிடலாம், அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அது தலைசுற்றல். அந்தக் காலத்து ஃப்யூஷனில் அவர்களை மிஞ்சிய சத்தம் குறைவு.

அந்த ஆள் 1975-இல் என்ன செய்தார்? கரண்ட்டைப் பிடுங்கிவிட்டு 'சக்தி'யோடு வந்தார். சம்மணம் போட்டு மேடையில் உட்கார்ந்தார். பக்கத்தில் வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் ஹுசேன், மிருதங்கம் ராமநாதபுரம் ராகவன், கடம் விக்கு விநாயக்ராம். கையில் அக்கூஸ்டிக் கிட்டார், அதுவும் சொல்லிச் செய்தது: மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து, வீணையில் மாதிரி தந்தியை அழுத்தி இழுக்க வழி பண்ணியிருந்தார்கள், குறுக்கே ஏழு ஒத்துத் தந்திகள். முதல் தட்டு நியூயார்க் மாநிலத்தில் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரியின் நேரடிப் பதிவு. ஒயர் என்று பார்த்தால் மைக் மட்டும்.

இப்போது சொல்லுங்கள், இது எந்தக் கட்சி? அக்கூஸ்டிக் என்றால் மரபு, எலெக்ட்ரிக் என்றால் ஃப்யூஷன் என்று கோடு போட்டிருந்தோமே, அந்தக் கோட்டின் மேலேயே ஒரு மண்பானையை வைத்துவிட்டார்கள். தோலும் மண்ணும் மரமும்தான். ஆனால் ஃப்யூஷனிலேயே ஃப்யூஷன். வேகம் என்று பார்த்தால் மகாவிஷ்ணுவுக்குக் குறைந்ததில்லை. ஆனால் கடத்தின் வயிற்றில் விக்கு விநாயக்ராம் ஒரு 'கும்' கொடுத்துவிட்டு நிறுத்தும்போது நாலு பேரும் நிற்கிறார்கள் பாருங்கள், அந்த இடத்தில் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' சிம்பலின் ஞாபகம் எனக்கு வரும். சத்தம் அடங்கும் வரைக்கும் காத்திருக்கத் தெரிந்தவர்கள்.

1990களின் கடைசியில் 'ரிமெம்பர் சக்தி' என்று பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது மெக்லாக்ளின் கையில் மறுபடி எலெக்ட்ரிக் கிட்டார். பிறகு யூ. ஸ்ரீநிவாஸின் எலெக்ட்ரிக் மாண்டலின் சேர்ந்தது. விக்குவின் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு உட்கார்ந்தார். 2023-இல் வந்த 'திஸ் மொமென்ட்' அடுத்த ஆண்டு கிராமி வாங்கியது. அந்த வருஷம் டிசம்பரிலேயே ஜாகிர் ஹுசேன் போய்விட்டார். அந்த ஞாயிறு நாங்கள் எதையும் விவாதிக்கவில்லை, போட்டுக் கேட்டுவிட்டுக் கலைந்தோம்.

கர்நாடக சங்கீதத்தில் இந்தச் சண்டை வந்ததில்லையா?

வந்து, ஓய்ந்து, மறந்தும் போயாயிற்று. வயலினே 19-ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த வெள்ளைக்கார வாத்தியம். தம்புரா இருந்த இடத்தில் இன்றைக்கு எலெக்ட்ரானிக் ஸ்ருதிப்பெட்டி. யாரும் எழுந்து போவதில்லை. எலெக்ட்ரிக் மாண்டலினில் கமகமா என்று ஆரம்பத்தில் முகம் சுளித்தார்கள். அந்தப் பையன், யூ. ஸ்ரீநிவாஸ், 1983-இல் மேற்கு பெர்லின் ஜாஸ் விழாவிலேயே வாசித்துவிட்டு வந்தான். கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனைக் கமகத்துக்குத் தோதாகத் திருத்திக்கொண்டார். 2008-இல் அமெரிக்காவின் ருத்ரேஷ் மகந்தப்பாவோடு சேர்ந்து 'கின்ஸ்மென்' என்ற ஜாஸ் தட்டும் போட்டார்.

எதிர்த்திசையில் வந்தவரும் உண்டு. அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ நாகஸ்வரம் கற்றுக்கொண்டு வாசித்தார். பெங்களூர் ஆர்.ஏ. ரமாமணி, டி.ஏ.எஸ். மணி குழுவோடு அவர் செய்த 'ஜோதி' 1983-இல் வந்தது. நம் பக்கத்து ஊர்க்காரர்கள் என்பதால் எங்களுக்கு அதன்மேல் தனிப் பாசம்.

மாந்தோப்பில் பம்பையோடு ஜாஸ் வாசித்தீர்களாமே, என்ன ஆச்சு?

ஊர் முழுக்கப் பரவிவிட்டது போல. சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு மே மாதம், காவேரிப்பட்டணத்துக்காரர் தோப்பில் அறுவடை. தம்பி தன் பேஸ் கிட்டாரும் 30 வாட் ஆம்பும் எடுத்துவந்தான், கல்லூரிப் பையன் ஒருவன் கீபோர்டு. ஹெர்பி ஹேன்காக்கின் 'ஹெட் ஹன்டர்ஸ்' (1973) தட்டிலிருந்து 'கமீலியன்' வாசிப்பதாகத் திட்டம். சுற்றிச் சுற்றி வரும் ஒரே பேஸ் வரி, பழகுவது சுலபம். மாரியம்மன் திருவிழாவுக்கெல்லாம் பம்பை அடிக்கும் அண்ணன் ஒருவர் அடுத்த தோட்டம். கூப்பிட்டோம்.

வந்தார், பீடியை அணைத்தார், இரண்டு சுற்றுக் கேட்டார். பிறகு கேட்டது ஒரே கேள்வி: "ஏம்பா, எத்தனைக்கு ஒருக்கா ஆரம்பத்துக்கு வர்றீங்க?" ஜாஸ் என்றால் என்ன, எலெக்ட்ரிக்கா, எந்த நாடு, ஒன்றும் கேட்கவில்லை. "எட்டுண்ணா" என்றான் தம்பி. தலையை ஆட்டிவிட்டு அடித்தார் பாருங்கள்.

பேஸ் கிட்டார் காணாமல் போயிற்று. ஆம்பை முழுக்க ஏற்றினோம். கீபோர்டும் போயிற்று. இரட்டைப் பம்பையின் முன்னால் 30 வாட் என்ன செய்யும்? அதற்குள் பக்கத்துத் தோட்டத்தில் யாரோ மோட்டாரைப் போட, வோல்டேஜ் இறங்கி, கீபோர்டு அணைந்து எரிந்து, பியானோவுக்குப் பதில் தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய ஏதோ டிஸ்கோ சத்தத்தில் வந்து நின்றது. பையன் அழாத குறை.

அக்கூஸ்டிக் என்றால் மென்மை, எலெக்ட்ரிக் என்றால் சத்தம் என்று அதுவரை பேசிக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். ஆனால் அண்ணன் நிறுத்தினார். "தம்பி வாசிக்கிறது எனக்குக் கேக்கல. கேக்காம நான் யாருக்கு அடிக்கிறது?" என்று சொல்லிவிட்டு, குச்சியைக் கீழே வைத்துக் கையாலேயே மெதுவாகத் தொட்டார். பத்து நிமிஷம் அப்படிப் போயிற்று. அந்தப் பத்து நிமிஷத்தை யாரும் போனில் பதிவு செய்யவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். எல்லோரும் அதற்கு முந்தின கூத்தைத்தான் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

போன் ஸ்பீக்கரில் கேட்டால் போதாதா?

போதாது. பேஸின் அடித் தந்தி நொடிக்கு 41 தடவை அதிர்கிறது. போன் ஸ்பீக்கரால் அதைத் தரவே முடியாது. நீங்கள் கேட்பது பேஸ் அல்ல, அதன் நிழல். பாதிப் பேர் 'ஜாஸ் போரடிக்கிறது' என்பது பேஸ் இல்லாமல் கேட்டுவிட்டுத்தான். பெரிய செலவு வேண்டாம், காதுக்குள் இறுக்கமாக உட்காரும் ஒரு ஒயர் இயர்போன் போதும்.

எதிலிருந்து தொடங்க?

'ஸோ வாட்' மூன்று தடவை. பிறகு உடனே மைல்ஸின் 'இன் எ சைலண்ட் வே' (1969). எலெக்ட்ரிக் பியானோக்கள், எலெக்ட்ரிக் கிட்டார் எல்லாம் இருந்தும் அது கத்துவதில்லை. ஒயர் போட்ட பிறகும் அடக்கி வாசிக்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. 'பிட்சஸ் ப்ரூ'வைக் கொஞ்சம் ஆறப்போடுங்கள். முதலிலேயே அதைப் போட்டால் வீட்டில் கேள்வி கேட்பார்கள்.

நர்ஸ் அக்கா இரவு டூட்டி முடித்து வந்து தூங்குவதற்கு முன்னால் கேட்பது பியானோ கலைஞர் கீத் ஜாரட் ஜெர்மனியின் கோல்ன் நகரில் தனியாக வாசித்த கச்சேரி, 1975 ஜனவரி. மைல்ஸிடம் எலெக்ட்ரிக் கீபோர்டு வாசித்துவிட்டு, இனி அதைத் தொடுவதில்லை என்று வந்தவர். அன்றைக்கு அவருக்குக் கிடைத்ததோ தவறான பியானோ: சின்னது, மேல் ஸ்தாயி சத்தம் தகரம், கீழே பலமில்லை. நடு ஸ்தாயியிலேயே நின்று, இடது கையால் ஒரே நடையைத் திருப்பித் திருப்பி உருட்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டிவிட்டார். "கையில இருக்கிற ஊசியை வெச்சுத்தானே குத்தணும்" என்பார் அக்கா.

ஐந்து எண்ணிக்கை பிடிக்குமென்றால் டேவ் ப்ரூபெக் குழுவின் 'டேக் ஃபைவ்' (1959). நம் கண்ட சாபு 2, 3 என்று போகும். அவர்கள் 3, 2 என்று போகிறார்கள். தொடையில் தட்டிப் பாருங்கள், முதலில் தவறும்.

பிள்ளைக்குக் கீபோர்டு வாங்கலாமா, பியானோவா?

நம் வீட்டு மாடிப்படியில் பியானோவை ஏற்றிப் பார்த்திருக்கிறீர்களா? கீபோர்டு வாங்குங்கள். அழுத்தத்துக்கு ஏற்பச் சத்தம் கூடிக் குறைகிறதா என்று மட்டும் கடையில் தட்டிப் பாருங்கள்.

நீங்கள் எந்தக் கட்சி?

வாத்தியார் கட்சியில் பிறந்தேன். மாந்தோப்புக்குப் பிறகு கட்சிக்கூட்டத்துக்குப் போவதில்லை. வாத்தியார் என்னைத் துரோகி என்கிறார், தம்பி மதில்மேல் பூனை என்கிறான். புதிதாக ஒரு தட்டைப் போட்டால் இப்போது நான் தேடுவது ஒன்றைத்தான்: இவர் வாசிப்பது அவர் காதில் விழுகிறதா? அதற்கு ஒயரைப் பார்த்துப் பயனில்லை.

ஞாயிறு நாங்களும் வரலாமா?

வரலாம். மாலை ஐந்தரை. கடை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், குனிந்து உள்ளே வந்து படியேறுங்கள். தரையில் ஸ்டேட்டர் கிடக்கும், காலைப் பார்த்து வையுங்கள். உருப்படி ஓடும்போது பேசக் கூடாது. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் இருக்கிறது, ஆனால் பேட்டரிக்கு வயசாகிவிட்டது, நாற்பது நிமிஷம்தான் தாங்கும். அதற்குள் முடிகிற தட்டாகப் பார்த்துக் கொண்டுவாருங்கள்.